வன்னியில் பூச்சி எண்ணுகிறவரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார்ப் பெருநிலம் என்று நாலு பக்கமும் காட்டோரம், குளக்கரை, வயல்வரம்பாகத் திரிந்து பூச்சிகளையும் மற்ற உயிர்களையும் கணக்கெடுப்பது என் வேலை. சூழலியல் ஆய்வு என்று சொன்னால் யாருக்கும் பிடிபடுவதில்லை. "பூச்சி எண்ணுகிற பிள்ளை" என்றால் உடனே தெரிகிறது. கமக்காரர் அமைப்புக் கூட்டங்களிலும் பாடசாலைகளிலும் தேநீர்க் கடைகளிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்டவர்களின் பேச்சைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறேன்.

பிள்ளை, சாணியைக் கிளறுவதற்கும் சம்பளம் தருகிறார்களா?

தருகிறார்கள் ஐயா, கொஞ்சம்தான்.

கிளறுவதற்குக் காரணம் சாணிவண்டு. மழை பெய்து விட்ட ஒரு காலையில், பட்டி மாடுகள் போன பாதையில் புதுச் சாணி கிடந்தால் பக்கத்தில் குந்தியிருந்து பாருங்கள். முதலில் ஈ வரும். கொஞ்ச நேரத்தில் இரைந்துகொண்டு கறுப்பாக ஒன்று வந்து 'டப்' என்று விழும். செட்டையை மடித்து ஓட்டுக்குள் தள்ளிவிட்டு நேரே சாணிக்குள் இறங்கும். அதன் தலையின் முன்விளிம்பு மண்வெட்டி அலகு மாதிரித் தட்டையாக இருக்கும். அதனால் ஒரு துண்டை வெட்டியெடுத்து, கால்களால் தட்டித் தட்டி உருண்டை பிடிக்கும். பிறகு தலைகீழாக நின்று, முன்கால்களை மண்ணில் ஊன்றி, பின்கால்களால் உருண்டையைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாகவே போகும். போகிற திசையைப் பார்க்காமலே கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், ஏனென்றால் அது திசை பிடிப்பது வானத்தில் சூரியனை வைத்து. வழியில் இன்னொரு வண்டு வந்து உருண்டையைப் பிடுங்கப் பார்க்கும். அந்தச் சண்டையைப் பார்க்க ஆரம்பித்தால் தேநீர் ஆறிவிடும்.

உருட்டுகிற இனங்கள் குறைவு. பெரும்பாலானவை சாணிக்கு நேர்கீழேயே குழி தோண்டி, அதை உள்ளே இழுத்து இறக்கி, அதில் முட்டையிடுகின்றன. இதனால் எரு மண்ணுக்குள் போகிறது. மண் இளகி மழைத்தண்ணீர் இறங்குகிறது. மாட்டு ஈ பெருக இடமில்லாமல் போகிறது. யானை இலத்தியோடு வந்த விளாம்வித்தும் மண்ணுக்குள் புதைபடுகிறது. அவுஸ்திரேலியாவில் வெளியிலிருந்து கொண்டுவந்த மாடுகள் பெருகியபோது, அங்கிருந்த வண்டுகளால் மாட்டுச் சாணியைச் சமாளிக்க முடியவில்லை. 1960களின் பிற்பகுதியிலிருந்து ஆபிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து சாணிவண்டுகளை இறக்குமதி செய்து விட்டார்கள். அவர்கள் காசு கொடுத்து வாங்கியது நமக்குச் சும்மா கிடைக்கிறது.

அப்படியென்றால் மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுப்பது பிழையா?

பிழை இல்லை. ஆனால் ஐவர்மெக்ரின் போன்ற மருந்துகள் ஊசி போட்ட பிறகும் பல நாள்களுக்குச் சாணியோடு வெளியேறும். அந்தச் சாணியில் இடப்பட்ட வண்டுமுட்டைகளிலிருந்து வரும் புழுக்கள் பிழைப்பதில்லை. முழுப் பட்டிக்கும் ஒரே நாளில், அதுவும் மழை தொடங்கி வண்டுகள் வெளிவரும் காலத்தில் கொடுத்தால் பாதிப்பு அதிகம். தேவையான மாட்டுக்கு மட்டும், முடிந்தால் கோடையில் கொடுக்கலாமா என்று மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

யானை, சிறுத்தை, கரடி எல்லாம் இருக்க, ஏன் பூச்சி?

யானை ஒரே இரவில் இரண்டு மூன்று ஊர்களைக் கடந்துவிடும். அது இன்றைக்கு இந்தக் குளத்தில் தண்ணீர் குடித்தது என்பதை வைத்து இந்தக் குளக்கரை நல்ல நிலையில் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. ஒரு சின்னச் சாணிவண்டோ, ஊசித்தும்பியோ, வரம்பில் பறக்கும் நீல வண்ணத்துப்பூச்சியோ அப்படியில்லை. அதன் வாழ்நாள் பெரும்பாலும் ஒரு சின்ன வட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். அந்த இடம் கெட்டால் அடுத்த போகத்துக்குள் அது குறைவது கணக்கில் தெரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. வன்னியைக் காடு ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று பிரிக்க முடியாது. காடு, குளம், வயல், தரவை, பற்றை, குடிமனை, மறுபடி குளம், மறுபடி காடு என்று எல்லாம் கலந்துதான் கிடக்கிறது. சரணாலய எல்லைக்குள் இருப்பதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இடையில் கிடக்கும் நிலத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தேனீ பொந்தில் கூடு கட்டுவது, தும்பி முட்டையிடுவது, காட்டுக்கோழி குஞ்சு பொரிப்பது, உடும்பு புற்றுக்குள் ஒளிவது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான். அந்த நிலத்தில் பூச்சி இருக்கும்வரை மற்றவையும் இருக்கும் என்பதுதான் என் நிலைப்பாடு. யானை ஆராய்ச்சிக்காரர்கள் கோபிக்கக்கூடாது.

எப்படி எண்ணுகிறீர்கள்? பூச்சி பறந்துவிடாதா?

பறக்கும். அதனால் எல்லாவற்றையும் எண்ணுவதில்லை. ஒரே முறையில், ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப எண்ணுகிறோம்.

வண்ணத்துப்பூச்சிக்கு ஒரு பாதையைக் குறித்து வைத்துக்கொண்டு, மழையில்லாத காலை வெயிலில் ஒரே வேகத்தில் நடந்து, இரு பக்கமும் ஐந்து மீற்றருக்குள் தெரிவதை மட்டும் எழுதுகிறோம். சாணிவண்டுக்குப் பிளாஸ்ரிக் கோப்பையை நிலமட்டத்துக்குப் புதைத்து, நுளம்புவலைத் துண்டில் கட்டிய சாணியை அதன்மேல் தொங்கவிட்டு மறுநாள் பார்க்கிறோம். இரவுப் பூச்சிக்கு வெள்ளை வேட்டியும் விளக்கும் போதும். விலங்குகளுக்கு அசைவைக் கண்டால் தானாகப் படமெடுக்கும் கமரா. அந்தக் கமராவில் அதிகம் விழுவது மாடுதான், அடுத்தபடி விறகுக்குப் போகிறவர்கள்.

வன்னிக் காடு ஆதிகாலத்துக் காடுதானே?

பெரும்பகுதி இல்லை. உள்ளே நடந்து பாருங்கள்: திடீரென்று உடைந்த குளக்கட்டு வரும், துருசுக் கல் வரும், ஓடும் செங்கல்லும் வரும். பழைய குளக்குடிகள் கைவிடப்பட்ட பிறகு நூற்றாண்டுக் கணக்கில் வளர்ந்து மூடிய காடு இது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி எல்லாம் மெதுவாக வளர்கிற மரங்கள். இப்போது பெரிதாக நிற்பவை பல தலைமுறைகளைக் கண்டவை. மனிதன் இருந்து, போய், திரும்பி வந்த காடு என்பதால் அதன் மதிப்புக் குறையாது. ஆனால் "மனிதக் கால் படாத காடு" என்று சொல்லிக்கொண்டு ஊர்க்காரரை வெளியே நிறுத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

போர் காட்டைக் காப்பாற்றியது என்கிறார்களே?

வெளியிலிருந்து வருகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பாதிதான் சரி. சனம் போகமுடியாத சில பகுதிகளில் மரவியாபாரம் நின்றது, கைவிட்ட வயல்களில் பற்றை எழும்பியது. அதே காலத்தில் பதுங்குகுழிகளுக்குப் பாலையும் முதிரையும் தறிக்கப்பட்டன. வீதியோரக் காடு பார்வைக்காக அகலமாக வெட்டப்பட்டது. பனையும் தென்னையும் ஷெல்லில் தலை போயின. யானையும் மாடும் மிதிவெடியில் கால் இழந்தன. 2009 மே மாதத்துக்குப் பிறகு வீதி, முகாம், மீள்குடியேற்றம், சட்டவிரோத மரம், கிரவல், மணல் என்று காடு வேறு வழியில் குறைந்தது. இத்தனை சனத்தின் சாவைக் காட்டுக்கு வந்த நன்மையோடு சேர்த்து ஒரு வசனத்தில் எழுத என்னால் முடியாது.

மிதிவெடி இருக்கிற இடத்திலும் ஆய்வு செய்கிறீர்களா?

இல்லை. சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கிற இடத்துக்கு ஒரு அடிகூடக் கிட்டப் போவதில்லை. இலங்கை 2017 டிசம்பரில் மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. அகற்றும் வேலை இன்னும் நடக்கிறது. கண்ணிவெடி அகற்றியதாகச் சான்று கிடைத்த இடத்திலும் ஊராரைக் கேட்டுவிட்டுத்தான் கால் வைப்பேன். சந்தேகமான பொருளைக் கண்டால் தொடவேண்டாம், பொலிசுக்குச் சொல்லுங்கள்.

நீங்கள் வந்து எழுதிக்கொண்டு போனபின் எங்கள் காணியைக் காடு என்று அறிவித்துவிடுவார்களா?

இந்தக் கேள்வியை யாரும் கூட்டத்தில் எழுந்து கேட்பதில்லை. தேநீர் தரும்போது மெதுவாகக் கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இடம்பெயர்ந்து பல வருடங்கள் கழித்துத் திரும்பியபோது வயலில் மரம் நின்றது. மேலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் அது காடாகத் தெரிந்தது. சிலருக்குக் காணி உறுதிப்பத்திரமும் தொலைந்துபோயிருந்தது. நிலத்தை ஒதுக்குவது வனவளத் திணைக்களமும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களமும் சம்பந்தப்பட்ட வேலை. நான் ஆய்வாளர், எல்லைக்கல் நடுகிறவர் அல்ல.

ஆனால் இந்த விடயத்தில் சூழலியல் காணிக்காரருக்கு உதவவும் முடியும். கைவிட்ட வயலில் முதலில் வருவது நாயுண்ணி, விடத்தல், ஆவாரை, காரை. மரங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே பருமனில் நிற்கும். கீழே வரம்பின் மேடு இன்னும் தெரியும். நடுவில் ஒரு மாமரம், புளி, தென்னங்குற்றி, தூர்ந்த கிணறு இருந்தால் அது குடியிருந்த நிலம். பழைய காட்டில் வீரையும் பாலையும் எல்லாப் பருமனிலும் நிற்கும், பெரிய கொடிகள் தொங்கும், இலைச்சருகு தடிப்பாக இருக்கும். அங்கே கிடைக்கும் எறும்புகளும் வண்டுகளும்கூட வேறு. செய்மதிப் படத்தில் பச்சையாக இருப்பதெல்லாம் ஒன்றில்லை என்று நிலத்தில் இறங்கிப் பார்த்தவர் எழுதித்தர முடியும். கேட்டால் எழுதித் தருவேன். அதே நேர்மையில், உண்மையாகவே பழைய காடாக இருப்பதை வயல் என்றும் எழுதமாட்டேன்.

அறக்கொட்டி வந்தால் மருந்து அடிக்காமல் என்ன செய்வது?

வந்தபிறகு கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. வருவதற்கு முன்னால் கேட்டால் இருக்கிறது.

அறக்கொட்டி, அதாவது கபிலநிறத் தத்தி, நெற்பயிரின் அடித்தண்டில் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாறு உறிஞ்சும். வட்டம் வட்டமாகப் பயிர் கருகும்போதுதான் நமக்குத் தெரியவரும். அதன் முட்டையைத் தேடித் தின்னும் ஒரு சின்னப் பச்சை நாவாய்ப்பூச்சி இருக்கிறது. குஞ்சுகளைப் பிடிக்க ஓநாய்ச் சிலந்தி இருக்கிறது. அதற்கு மேல் ஊசித்தும்பி. இவை எல்லாம் விதைத்த சில வாரங்களில் வரம்பிலிருந்து வயலுக்குள் இறங்குகின்றன. இலையில் நாலு ஓட்டை கண்டவுடன் கடைக்காரர் தந்ததை அடித்தால் முதலில் சாவது இந்தக் காவல்காரர்கள்தான். தத்தியின் முட்டை தண்டுத் திசுவுக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வரும்போது எதிரி யாரும் இல்லை. மருந்து அடித்த வயலில் தத்தி கூடுவது எப்படி என்ற புதிருக்கு விடை இதுதான். நெல் ஆராய்ச்சியில் இது 1970களிலிருந்து தெரிந்த கதை.

1990களில் வியட்நாமின் மேகொங் கழிமுகத்தில் கமக்காரருக்கு ஒரே ஒரு செய்தி சொன்னார்கள்: விதைத்து முதல் 40 நாள் இலைதின்னிகளுக்கு மருந்து அடிக்காதீர்கள். கேட்டவர்கள் தெளிப்பதை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தார்கள், விளைச்சல் விழவில்லை. நெற்பயிர் இளமையில் இழந்த இலையைத் திரும்பப் போட்டுக்கொள்ளும்.

வன்னியில் காலபோகத்தில் நெருக்கி விதைப்பதும் யூரியாவை அள்ளிப் போடுவதும் தத்திக்கு விருந்து வைப்பதுதான். விதையைக் குறையுங்கள், உரத்தைப் பிரித்துப் போடுங்கள், வாரம் ஒருதடவை பயிரை விரித்து அடித்தண்டைப் பாருங்கள். கூட்டம் கண்டால் தண்ணீரை வடியவிட்டு, விவசாயப் போதனாசிரியரைக் கூப்பிடுங்கள். வரம்பில் புல்லை அடியோடு எரிக்கவேண்டாம், சிலந்தி அங்கேதான் இருக்கும். "பக்கத்து வயல்காரன் அடித்தால் எல்லாம் என் வயலுக்கு வருமே" என்பது நியாயமான கேள்வி. அதனால்தான் இதைத் தனித்தனியே சொல்லாமல் ஒரு வாய்க்கால்காரர் எல்லோரையும் இருத்திச் சொல்கிறோம்.

குளத்தைத் திருத்தும்போது ஏன் எப்போதும் ஏதாவது சொல்கிறீர்கள்?

குளம் திருத்தவேண்டாம் என்று நான் சொன்னதே இல்லை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, கட்டுக்கரை போன்ற பெரிய குளங்களுக்குப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள், திட்டம் இருக்கிறது. சிக்கல் ஊருக்கு ஊர் கிடக்கிற சின்னக் குளங்களில்தான். பெக்கோ வருகிறது, மூன்று நாளில் கட்டு உயர்கிறது, அலைகரையில் நின்ற பற்றை எல்லாம் வழித்துத் துடைத்துப் போகிறது. படம் எடுக்க அழகாக இருக்கும்.

பழைய அமைப்பில் குளத்தின் தலைமாட்டில் மருதும் இலுப்பையும் நின்று காற்றைத் தடுத்தன. தண்ணீர் வந்து சேரும் வாயில் புல்வெளி இருந்து வண்டலைப் பிடித்தது. கட்டுக்குக் கீழே, வயலுக்கு மேலே ஈரப்பற்றை ஒன்று இருந்து கசிவில் வரும் உப்பை வடித்தது. ஒரு குளம் நிரம்பி வான் பாய்ந்த தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போனது. இலங்கையின் உலர்வலயக் குளத்தொடர் முறையை உணவு விவசாய நிறுவனம் 2017 இல் உலக முக்கியத்துவமுள்ள விவசாய மரபாகச் சேர்த்தது இந்த முழு அமைப்புக்காகத்தான், வெறும் கட்டுக்காக இல்லை. அந்தப் புல்வெளியை எடுத்துவிட்டால் குளம் சீக்கிரம் தூரும், மறுபடி பெக்கோ வரும். ஒப்பந்தக்காரருக்கு நல்லது.

கட்டின்மேல் பெரிய மரம் நின்றால் வேர்வழி கசிவு வரும் என்று பொறியியலாளர் சொல்வது சரி. கட்டில் வேண்டாம். தலைமாட்டிலும் புல்வெளியிலும் கையை வைக்காதீர்கள், அவ்வளவுதான். தும்பிகள் எண்ணுகிறபோது இந்த இரண்டு இடத்திலும்தான் என் தாள் நிரம்புகிறது. தும்பிக்குஞ்சு தண்ணீருக்குள் நுளம்புக் கூத்தனைத் தின்னும், அதையும் நினைவில் வையுங்கள்.

ஐப்பசி மழையோடு ஒரு மஞ்சள் தும்பி கூட்டமாக வருமே, எங்கிருந்து?

அநேகமாக இந்தியாவிலிருந்து, காற்றோடு. நாலரை சென்ரிமீற்றர் நீளமான நாடோடித் தும்பி அது. இன்னும் தெற்கே மாலைதீவுக்கு வருகிறவை அங்கே நிற்பதில்லை, இந்து சமுத்திரத்தைக் கடந்து கிழக்கு ஆபிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009 இல் சாள்ஸ் அண்டர்சன் என்ற உயிரியலாளர் எழுதினார். மழைக்குட்டைகளில் முட்டையிட்டால் ஆறேழு வாரத்தில் செட்டையோடு எழும்பிவிடும். குட்டை வற்றுவதற்குள் வேலை முடியவேண்டுமே.

தம்பளப்பூச்சி ஏன் இப்போது காணவில்லை?

முதல் மழைக்கு மண்ணிலிருந்து சிவப்பு வெல்வெற்றாக வெளிவருமே, அதுதானே? எட்டுக் கால் இருப்பதால் அது பூச்சி இனமில்லை, சிலந்திக்கும் உண்ணிக்கும் உறவு. குஞ்சுப்பருவத்தில் வெட்டுக்கிளி போன்றவற்றில் ஒட்டி வாழ்ந்து, பிறகு ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும். தீப்பெட்டிக்குள் பிடித்து வைத்த தலைமுறை நாங்கள் எல்லோரும். முற்றத்துக்குச் சீமெந்து போட்டு, களைநாசினி அடித்து, மண்ணை இறுக்கிவிட்டால் எங்கிருந்து வரும்? கிளறாத மணல் நிலமுள்ள காட்டோரக் காணிகளில் இன்றும் வருகிறது. பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு விட்டுவிடுங்கள்.

வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் ஆயிரக்கணக்கில் வீதியைக் கடந்து எங்கே போகின்றன?

சிவனொளிபாதமலைக்கு என்று ஒரு நம்பிக்கை உண்டு. போகும் திசை காற்றையும் காலத்தையும் பொறுத்து மாறும். எதனால் கூட்டம் எழும்புகிறது என்பதற்கு மரத்தைப் பார்க்கவேண்டும். வெள்ளையாக வருபவற்றில் ஒரு இனத்தின் புழுக்கள் வீரை மரத்தின் தளிரைத் தின்னும். எலுமிச்சை மஞ்சளாக வருபவை கொன்றை, தகரை வகைத் தளிரை. மழைக்குத் தளிர் ஒரே நேரத்தில் வெடிக்கும்போது புழுவும் ஒரே நேரத்தில் பெருகும், தளிர் முற்றியதும் வண்ணத்துப்பூச்சிகள் ஒன்றாக இடம்பெயரும். வீரைக்காடு இருக்கிறதால்தான் ஏ9 வீதியில் உங்கள் மோட்டார் சைக்கிள் கண்ணாடியில் வந்து மோதுகின்றன. அந்த நாள்களில் கொஞ்சம் மெதுவாகப் போனால் என்ன?

யானைக்கு என்ன வழி?

என் துறை இல்லை, ஆனாலும் கேட்காமல் விடமாட்டார்கள். 2011 கணக்கெடுப்பில் நாட்டில் 5,879 யானைகள். 2023 இல் மட்டும் 480க்கு மேற்பட்ட யானைகள் செத்தன, நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட மனிதர்களும் யானையால் செத்தார்கள். யானை நடமாடும் நிலத்தில் ஏறத்தாழ 70 சதவீதத்தில் மனிதரும் வாழ்கிறார்கள். ஆகவே எல்லா யானையையும் பூங்காவுக்குள் துரத்தி வேலி அடைப்பது கணக்குக்கே ஒத்துவராது. பூங்காவுக்குள் அத்தனைக்கும் தீன் இல்லை.

கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ போன்ற ஆய்வாளர்கள் வற்புறுத்துவது வேறு வழி: காட்டைச் சுற்றி அல்லாமல் ஊரைச் சுற்றியும் வயலைச் சுற்றியும் மின்வேலி. வயல்வேலியை விதைப்போடு போட்டு, அறுவடைக்குப் பின் கழற்றிவிட, யானை வைக்கோல் வயலில் மேய்ந்துவிட்டுப் போகும். வேலியைப் பராமரிப்பது கமக்காரர் அமைப்பே. 2020 டிசம்பரில் அவர் தலைமையிலான குழு தேசியத் திட்டமும் கொடுத்தது. எனக்கு இது சரியாகப் படுகிறது. வேலிக்கம்பியில் கொடி படர்ந்தால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும், பற்றை வெட்டுகிற ஆள் இல்லாத வேலி வெறும் கம்பிதான்.

தேனீ வேலி?

தேனீப் பெட்டிகளை வரிசையாகத் தொங்கவிட்டு யானையைத் தடுக்கும் இந்த வேலி கென்யாவில் நல்ல பலன் கொடுத்தது. உடவளவையில் தேனீக் கூட்டம் குழம்பி இரையும் சத்தத்தை ஒலிபரப்பி, நம் யானைகளும் விலகிப் போவதை 2018 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் ஆபிரிக்கத் தேனீயின் கோபம் நம் பொந்துத் தேனீக்கு இல்லை. கோடையில் பூ குறைந்தால் பெட்டியை விட்டே போய்விடும். வேலியாக அதை நம்பவேண்டாம். தேனுக்காக வையுங்கள், காய்க்கும் மரங்களுக்கும் நல்லது.

பாலைப்பழக் காலத்தில் கரடியிடமிருந்து எப்படித் தப்புவது?

பாலைப்பழம் நமக்கு வாயில் பால் ஒட்டினாலும் விடமுடியாத பழம். கரடிக்கும் அப்படித்தான், மரத்திலேயே ஏறியிருக்கும். மற்றக் காலத்தில் கறையானை உறிஞ்சித் தின்கிறது. அது துரத்தி வேட்டையாடுவதில்லை. கிட்டத்தில் திடுக்கிட்டால்தான் பாயும். கதைத்துக்கொண்டு போங்கள், தனியாகப் போகவேண்டாம், வெயில் ஏறியபின் போங்கள். குட்டியோடு கண்டால் பின்வாங்குங்கள். மரத்தில் ஏறுவதால் பயனில்லை, அது உங்களைவிட நன்றாக ஏறும்.

அழுங்கு இறைச்சி மருந்து என்கிறார்களே?

இல்லை. அழுங்கின், அதாவது எறும்புதின்னியின், ஓடு நம் நகம் போன்ற பொருள்தான். பிடித்தால் மறியல்.

நாயுண்ணியை எரித்தால் போகுமா?

திரும்ப முளைக்கும், நெருப்பு காட்டுக்குள்ளும் போகும். அதன் பூவுக்கு வண்ணத்துப்பூச்சி வருவதால் "நல்ல செடிதானே" என்பார்கள். வளர்ந்த பூச்சிக்குத் தேன் கிடைக்கும், ஆனால் கீழே வேறு எதுவும் முளைக்காததால் புழுக்களுக்குத் தீன் கிடைக்காது. மழைக்குப் பிறகு வேரோடு பிடுங்கி, அந்த இடத்தில் நிழல்தரும் மரம் வைப்பதுதான் வழி. பார்த்தீனியம் இன்னும் மோசம். ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேல் விதை போடும். பூக்குமுன் கையுறையோடு பிடுங்குங்கள். உழவு இயந்திரச் சில்லை அடுத்த காணிக்குப் போகுமுன் கழுவுங்கள்.

மன்னார்க் காற்றாலைகள் பறவைகளைக் கொல்கின்றனவா?

மன்னார் தீவில் 2020 இறுதியிலிருந்து 30 காற்றாலைகள் சுற்றுகின்றன. மத்திய ஆசியாவிலிருந்து வரும் பறவைகள் நாட்டுக்குள் நுழையும் வாசலும் அதுவே. சுற்றும் இறக்கையைவிட உயர்அழுத்தக் கம்பிகள் பூநாரைகளுக்கு ஆபத்து. காற்றுமின்சாரம் வேண்டும். வாசலிலேயே நிரையாக நட்டது நல்ல தெரிவில்லை என்பது என் கருத்து. கௌதாரி போன்று வடக்கு, வடமேற்கு வறண்ட கரைகளில் மட்டும் இருக்கும் பறவைகளுக்கும் அங்கேதான் இடம்.

வெளிநாட்டுக்காரர் வந்து பூச்சி பிடித்தால் யாருக்குச் சொல்வது?

வனஜீவராசிகள் அலுவலகத்துக்கு. யால பூங்காவில் நூற்றுக்கணக்கான பூச்சிகளோடு பிடிபட்ட இரண்டு இத்தாலியருக்கு 2024 இல் 6 கோடி ரூபா தண்டம் விதித்தார்கள். நாங்களும் அனுமதிப்பத்திரம் எடுத்துத்தான் வேலை செய்கிறோம். கேட்டால் காட்டுவோம், தயங்காமல் கேளுங்கள்.

அக்கா, உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். இதில் வேலை கிடைக்குமா?

கிடைக்கும், காத்திருக்கவேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல், தாவரவியல் துறைகள் இருக்கின்றன. அதன் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில். வவுனியா வளாகம் 2021 இல் தனிப் பல்கலைக்கழகமாகியது. அதுவரைக்கும் உங்கள் வீட்டுக் கிணற்றடியில் வருகிற தும்பி, வண்ணத்துப்பூச்சிகளைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள், படத்தை ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவு இணையத்தளத்தில் போடுங்கள். வடக்கிலிருந்து அங்கே பதிவு குறைவு, உங்களுடையது உண்மையிலேயே பயன்படும். தம்பிமாருக்கும் இதே பதில்தான்.

உங்களோடு நாங்களும் வரலாமா?

வாருங்கள். பகல் நடைக்கு முழுக்கைச் சட்டை, தொப்பி, தண்ணீர். வாசனைத் தைலம் பூசவேண்டாம், குளவி வரும். முசுறுக் கூட்டில் கைவைத்தால் நான் பொறுப்பில்லை. இரவு விளக்குப் பொறிக்கு வருகிற மாணவர்கள் வீட்டில் சொல்லிவிட்டு, மூடிய சப்பாத்தும் ரோச் லைற்றும் கொண்டு வரவேண்டும். கண்ணாடி விரியன் நடமாடும் நேரம் அதுதான்.